கறுப்புக் கட்டையும் ஒலிநாடாவும்

இர்விங் பெர்லின் பிறந்தது 1888இல். பால் மெக்கார்ட்னி 1942இல். முன்னவர் ரஷ்யப் பேரரசிலிருந்து ஐந்து வயதில் நியூயார்க் வந்திறங்கிய யூதச் சிறுவன். பின்னவர் லிவர்பூலில் பருத்தி வியாபாரத்தில் வேலை பார்த்தவரின் மகன். இருவரும் தங்கள் காலத்துப் பாட்டின் போக்கையே மாற்றியவர்கள். இருவருக்கும் ஐந்து கோட்டு நொட்டேஷனை வாசிக்கவும் தெரியாது, எழுதவும் தெரியாது.

இதைக் கேட்டு வியப்பதோடு பெரும்பாலோர் நிறுத்திக்கொள்கிறார்கள். நான் கவனிக்க விரும்புவது வேறு. ஒரே குறை இந்த இருவரையும் ஒரே மாதிரி பாதிக்கவில்லை. பெர்லின் தொழிலுக்கு வந்தபோது பாட்டு என்பது கடையில் அடுக்கி விற்ற அச்சுத்தாள். வீட்டில் பியானோ வைத்திருந்தவர்கள் அதை வாங்கி வாசித்தார்கள். மெக்கார்ட்னி வந்தபோது பாட்டு என்பது இசைத்தட்டு. தாளே சரக்காக இருந்த காலத்தில் தாளில் எழுதத் தெரியாமல் இருப்பது சின்னக் குறை அல்ல.

பெர்லின் தந்தை யூத ஆலயத்தில் பாடியவர். அவர் 1901இல் இறந்தபின், பையன் வீட்டை விட்டு வெளியேறி பவரி வட்டாரத்துச் சாராயக் கடைகளில் பாடிப் பிழைத்தான். பிறகு பெல்ஹாம் கஃபேயில் பாடிக்கொண்டே பரிமாறும் வேலை. 1907இல் வெளிவந்த முதல் பாட்டில் சொற்கள் மட்டுமே அவருடையவை. மெட்டு கஃபேயின் பியானோக்காரருடையது. பெர்லின் பங்குக்குக் கிடைத்தது 37 சென்ட். நான்கே ஆண்டுகளில், 1911இல், 'அலெக்சாண்டர்ஸ் ராக்டைம் பேண்ட்' தாள்தாளாக விற்று அவரை நாடறிய வைத்தது.

பியானோவை அவர் தானாகவே பழகினார். கறுப்புக் கட்டைகள் மேடாக, இடைவெளிவிட்டு நிற்பதால், பயிற்சி இல்லாத விரலுக்கு அவை எளிதில் பிடிபடும். அதனால், பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளிலேயே ஓடும் எஃப் ஷார்ப் என்ற ஒரே ஸ்ருதியில்தான் அவரால் வாசிக்க முடிந்தது. வேறு ஸ்ருதி வேண்டுமானால் என்ன செய்வது? அதற்கென்றே ஒரு பியானோ வாங்கினார். கட்டைப் பலகைக்கு அடியில் உள்ள விசையைத் திருப்பினால், விரல் அதே கட்டைகளில் ஓட, ஒலி மட்டும் வேறு ஸ்ருதிக்கு நகரும். நம் பஜனைக் கூடங்களில் 'ஸ்கேல் சேஞ்சர்' ஆர்மோனியம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த வகைப் பியானோக்களில் ஒன்று இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மெட்டைத் தாளில் இறக்க ஓர் ஆள் வேண்டுமே. அதற்காகச் சம்பளம் கொடுத்து இசைச் செயலாளர்களை வைத்துக்கொண்டார்: முதலில் கிளிஃப் ஹெஸ், பிறகு ஆர்தர் ஜான்ஸ்டன், பின் பல பத்தாண்டுகள் ஹெல்மி கிரேசா. பெர்லின் பாடுவார், வாசித்துக் காட்டுவார். செயலாளர் எழுதித் திருப்பி வாசிப்பார். மெட்டுக்கு அடியில் சேர்ந்தொலிக்க வேண்டிய கார்ட் தன் காதில் இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால், ஒத்துப்போகும்வரை மாற்றிமாற்றி வாசிக்கச் சொல்வார். 'ஒயிட் கிறிஸ்மஸ்' 1940 ஜனவரியில் கிரேசாவின் கையால் இப்படித்தான் தாளுக்கு வந்தது.

அந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருந்தது. எழுதியது இன்னொருவர் கையெழுத்து என்பதால், மெட்டும் இன்னொருவருடையதாக இருக்குமோ என்ற பேச்சு கிளம்பியது. ராக்டைம் பாட்டு வெற்றி பெற்றதும், பெர்லின் ஒரு கறுப்பினச் சிறுவனை ஒளித்துவைத்துப் பாட்டு எழுதி வாங்குகிறார் என்று நியூயார்க் பாட்டு வியாபாரிகளிடையே வதந்தி உலவியது. அவர் மறுத்துப் பார்த்தார். ஆனால் மறுப்பதற்குக் கையில் சான்று ஏது?

மெக்கார்ட்னிக்கு இந்தச் சங்கடம் நேரவே இல்லை. அவர் சொந்தக் குரலே ஒலிநாடாவில் பதிவாகி இருந்தது. அப்பா ஜிம் ஒரு காலத்தில் ஜாஸ் குழு நடத்தியவர்; காதால் கேட்டே பியானோ வாசிப்பார். மகனை முறையாகக் கற்கச் சொன்னார். அந்த வகுப்புகள் நிலைக்கவில்லை. பிறந்தநாளுக்கு அப்பா தந்த டிரம்பெட்டை ஊதிக்கொண்டே பாட முடியாது என்று அதைக் கொடுத்து கிதார் வாங்கினார். பீட்டில்ஸ் கூட்டாளி ஜான் லெனனுடன் சேர்ந்து பாட்டுக் கட்டியபோது அவர்கள் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: மறுநாள் நினைவில் நிற்காத மெட்டு வைத்துக்கொள்ளத் தகுந்ததல்ல. தாளில்லாதவர்களுக்கு மறதியே சல்லடை ஆயிற்று.

'எஸ்டர்டே' லண்டன் விம்போல் தெருவில், காதலி ஜேன் ஆஷரின் வீட்டில், உறக்கத்தில் வந்த மெட்டு. எங்கோ கேட்டதைத் திருடிவிட்டோமோ என்று பயந்து, பார்ப்பவர்களிடமெல்லாம் வாசித்துக்காட்டி விசாரித்தார். 1965 ஜூன் 14 அன்று தனியாக கிதாரோடு பாடிப் பதிவுசெய்தார். மூன்று நாள் கழித்து நான்கு தந்தி வாத்தியங்கள் சேர்ந்தன. அவற்றுக்கு நொட்டேஷன் எழுதியவர் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். அவர் கில்டுஹால் இசைப் பள்ளியில் படித்தவர். அங்கே அவருக்கு ஓபோ சொல்லிக்கொடுத்தவர் ஜேனின் தாய் மார்கரெட் ஆஷர்! நொட்டேஷன் அந்த வீட்டிலேயே குடியிருந்தும் மெக்கார்ட்னி அதைக் கற்றுக்கொள்ளவில்லை.

ஆனால் மார்ட்டின் எழுதியதை அவர் அப்படியே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. வயலின்கள் அதிர்வில்லாமல், நேராக ஒலிக்க வேண்டும் என்று கேட்டார். செல்லோவின் ஒரு திருப்பம் அவர் சொன்னதே. 1967 ஜனவரியில் 'பென்னி லேன்' பதிவில், தொலைக்காட்சியில் பாஹின் இசைக்கு ஊதக் கேட்ட சின்ன டிரம்பெட் வேண்டும் என்றார். அவர் பாடப்பாட மார்ட்டின் எழுத, டேவிட் மேசன் ஊதினார். இங்கே இருவரும் நெருங்கிவருகிறார்கள். எழுதும் கை வேறாக இருந்தாலும், சரி, சரியில்லை என்று முடிவு சொன்னது மெட்டுக் கட்டியவரின் காதே. 1914இலேயே பெர்லின் 'ப்ளே எ சிம்பிள் மெலடி'யில் இரண்டு வேறு மெட்டுகளை, இரண்டு வேறு பாடல் வரிகளோடு, ஒன்றன்மேல் ஒன்றாகப் பாடவைத்தார். எழுதத் தெரிந்தவர்களே தாளில் போட்டுப் பார்த்துச் செய்யும் வேலை அது. என்னைக் கேட்டால், எழுத்தறியாத காதுக்கு இதைவிடப் பெரிய சோதனையை மெக்கார்ட்னி அந்த வயதில் எதிர்கொள்ளவில்லை.

அவருக்கு அப்படியொரு சோதனை வந்தது பிற்காலத்தில். நாடாவில் முடியாத, தாள் இல்லாமல் நடக்கவே நடக்காத ஒரு வேலை: 1991 ஜூனில் லிவர்பூல் பேராலயத்தில் அரங்கேறிய 'லிவர்பூல் ஓரடோரியோ'. தனிப்பாடகர்கள், சேர்ந்திசைக் குழு, முழு ஆர்க்கெஸ்ட்ரா. இதற்குப் பெர்லின் வழியிலேயே ஓர் ஆளை அருகில் உட்காரவைத்து எழுதவேண்டியிருந்தது. ஆனால் அப்படி உட்கார்ந்து எழுதிய கார்ல் டேவிஸ் சம்பளச் செயலாளர் அல்லர், இணை இசையமைப்பாளர். அவர் பெயரும் படைப்பில் நிற்கிறது. மார்ட்டின் பெயரையும் பீட்டில்ஸ் ரசிகர்கள் எல்லோரும் அறிவார்கள். ஹெஸ்ஸும் கிரேசாவும் அப்படி அறியப்படவில்லை. அவர்கள் மெட்டுக் கட்டவில்லைதான். ஆனால் பெர்லின் கேட்ட கார்டைத் தேடித்தேடிக் கண்டுபிடித்த விரல்கள் அவர்களுடையவை. அதற்குரிய இடம் அவர்களுக்குக் கிடைக்காதது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தாளின் விலையை நன்றாக அறிந்திருந்தவர் என்னவோ பெர்லின்தான். பாட்டுக் கட்டியவர்களின் உரிமைத்தொகையை வசூலிக்க 1914இல் தொடங்கிய ஆஸ்கேப் அமைப்பின் தொடக்க உறுப்பினர்களில் அவரும் ஒருவர். 1919இல் சொந்தப் பதிப்பகம் கண்டு, தன் பாட்டுகளைத் தன் பெயரிலேயே அச்சிட்டார். 1989இல், 101 வயதில் இறக்கும்வரை தன் பாட்டுகளை யார், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதில் கண்டிப்பாக இருந்தார். மெக்கார்ட்னியும் லெனனுமோ இளவயதில் தங்கள் பாட்டுகளின் உரிமையை 'நார்தர்ன் சாங்ஸ்' என்ற கம்பெனியிடம் விட்டிருந்தார்கள். 1969இல் ஏடிவி நிறுவனம் அதைக் கைப்பற்றியபோது அவர்களால் தடுக்க முடியவில்லை.