யப்பானியக் காட்சி நாவலும் காதலிற் தெரிவும்

நாயகன் ஒருவனைப் பெண்கள் பலர் ஒருங்கே விரும்புவதாக அமையும் கதைகள் 1990களில் யப்பானிய அசைவோவியங்களிலே தனியொரு வகையாக வளர்ச்சியுற்றன. அந்தப்புரக் கதைகள் எனப்படும் இவற்றிலே நாயகனின் தெரிவு இயன்றவரை பிற்போடப்படும். அதனால் எவருக்கும் பெருந்தீங்கு நேர்வதில்லை. 1992இல் வெளிவரத் தொடங்கிய 'தென்ச்சி முயோ' இதற்குத் தக்க சான்றாகும்.

இப்போக்கின் மீதான காத்திரமான விமர்சனம், அதனோடு நெருங்கிய உறவுடைய காட்சி நாவல்களிலிருந்தே எழுந்தமை நோக்கற்பாலது. எழுத்தும் ஓவியமும் இசையும் இணைய, வாசகனின் தெரிவுக்கேற்பக் கிளைபிரியும் கணினிக் கதையே காட்சி நாவலாகும்.

இதற்கு முன்னோடியாயமைந்தவை காதல் விளையாட்டுக்களாம். 1994இல் கொனாமி நிறுவனம் வெளியிட்ட 'தொக்கிமெக்கி மெமோரியல்' என்பதிலே, புறக்கணிக்கப்பட்ட பெண்ணின் மனத்தாங்கல் ஒரு வெடிகுண்டாகக் குறிக்கப்பட்டது. அது வெடிப்பின் ஏனைய பெண்களின் அன்புங் குன்றும். ஆயின், ஈண்டுத் துயரம் விளையாடுவோன் சமாளிக்க வேண்டிய கணக்காகவே நின்றது.

அக்கணக்கு அறப்பிரச்சினையாக மாறியமை பின்வந்த படைப்புக்களிலாகும். லீஃப் நிறுவனத்தின் 'வைற் அல்பம்' (1998) நாயகனுக்குத் தொடக்கத்திலேயே காதலி உளள். எனவே பிறளொருத்தியை நாடுதல் தெரிவன்று, துரோகமே. 'கிமி கா நொசொமு ஏயென்' (2001) என்பதிலே, விபத்துக்குள்ளான காதலி மூன்றாண்டுகளின் பின் நினைவு மீளும்போது, நாயகன் அவளது தோழியுடன் காதலுறவு கொண்டுள்ளான். 'ஸ்கூல் டேய்ஸ்' (2005) நாயகனின் உறுதியின்மையைச் சில முடிவுகளிற் கொலைவரை இட்டுச்செல்கிறது. மருதோ புமியாகி எழுதிய 'வைற் அல்பம் 2' (2010, 2011), முதன்மை நாயகியர் இருவருள் ஒருத்தியைத் தெரிந்தால் மற்றையவள் அடையும் வேதனையையும் விரித்துரைக்கிறது.

இவ்விமர்சனத்தின் வலிமை வடிவத்திலேயே தங்கியுள்ளது. தொலைக்காட்சியைப் பார்ப்போன் நாயகனைப் பழித்துத் தான் விலகிக்கொள்ளலாம். காட்சி நாவலின் வாசகனோ தன் கையாலேயே தெரிவைச் செய்தவன். எனினும், அதே வடிவம் விமர்சனத்தின் எல்லையுமாகிறது. கதையை மீளத் தொடங்கி மற்றையவளை அடைய வாசகனுக்குத் தடையேதுமில்லை. எவரையும் இழக்கவேண்டாத அந்தப்புர இன்பம் இவ்வழியே மீண்டும் நுழைகின்றது. ஆயினும், முந்திய வாசிப்பிற் கைவிடப்பட்டவளை வாசகன் இப்போது அறிவான். கதை நாயகன் மறந்துவிட்ட அத்துயரை வாசகன் சுமக்கிறான் என்பதே இப்படைப்புக்கள் ஏற்படுத்திய மெய்யான மாற்றம் எனலாம்.