கெல்லிவில்லிலிருந்து ஊருக்கு: நாணய மாற்றில் மறையும் செலவு

சிட்னியின் வடமேற்குப் புறநகரான கெல்லிவில்லில் இருந்து, யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ வாழும் பெற்றோருக்குப் பணம் அனுப்பும் ஒருவர், அதற்கான கட்டணம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார். ஆனால் செலவின் பெரும்பகுதி பல வேளைகளில் கட்டணத்தில் அல்லாமல், நாணய மாற்று விகிதத்திலேயே அடங்கியிருக்கிறது.

விகிதம் அமையும் விதம்

ஆஸ்திரேலிய டாலரின் மதிப்பை 1983 டிசம்பர் முதல் சந்தையே தீர்மானித்து வருகிறது. வட்டி விகிதம், இரும்புத் தாது மற்றும் நிலக்கரி விலை ஆகியவற்றுக்கேற்ப அது ஏறி இறங்குகிறது. வங்கிகள் தமக்குள் நாணயத்தை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருப்பது நடுச்சந்தை விகிதம். இணையத்தில் பொதுவாகக் காணப்படுவது இதுவே. வாடிக்கையாளருக்கோ இதைவிடக் குறைவான விகிதமே வழங்கப்படுகிறது. அந்த இடைவெளி, பணம் அனுப்பும் நிறுவனத்தின் வருவாயாகிறது.

உதாரணமாக, நடுச்சந்தை விகிதம் ஒரு டாலருக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டணமே இல்லை என்று அறிவிக்கும் நிறுவனம் 194 ரூபாய் தந்தால், 1,000 டாலருக்குக் கிடைப்பது 1,94,000 ரூபாய். 5 டாலர் கட்டணம் பெற்று 199 ரூபாய் தரும் நிறுவனத்தில் 1,98,005 ரூபாய் கிடைக்கும். அதாவது, கட்டணம் பெறும் நிறுவனமே இங்கு 4,005 ரூபாய் இலாபமானது.

இந்த வேறுபாடு சிறியதல்ல. அமெரிக்க டாலரிலும் பிரிட்டிஷ் பவுண்டிலும் நான்கு பெரிய வங்கிகள் ஊடாகப் பணம் அனுப்பிய தனிநபர்கள், செலவு குறைந்த சேவைகளைப் பயன்படுத்தியிருந்தால் 2017-18ல் மட்டும் மொத்தமாகச் சுமார் 15 கோடி ஆஸ்திரேலிய டாலரை மிச்சப்படுத்தியிருக்கலாம் என்று ஆஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2019ல் கூறியது.

உண்டியல் முறை

இலங்கையில் 2021ன் பிற்பகுதியில் அமெரிக்க டாலரின் அதிகாரபூர்வ விகிதம் சுமார் 200 ரூபாயில் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. வெளிச்சந்தையில் அதைவிடக் கூடுதலாகக் கிடைத்ததால் பலர் உண்டியல் முறையை நாடினர். 2020ல் சுமார் 710 கோடி அமெரிக்க டாலராக இருந்த வெளிநாட்டுப் பணவரவு, 2022ல் சுமார் 380 கோடியாகச் சரிந்தது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் அந்நியச் செலாவணி இன்றி நாடு தவித்த காலம் அது. 2022 மார்ச்சில் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டதும், மே மாதத்திற்குள் டாலரின் விலை 360 ரூபாயைத் தாண்டியது.

கூடுதல் ரூபாய் கிடைத்தாலும், உண்டியலில் கொடுத்த பணம் போய்ச் சேராவிட்டால் முறையிட வழியில்லை. ஆஸ்திரேலியாவில் பணம் அனுப்பும் தொழில் செய்வோர், ஆஸ்ட்ராக் எனப்படும் அரசு நிதிப் புலனாய்வு அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

கவனிக்க வேண்டியவை

ஒரே நாளில், ஒரே நேரத்தில், இரண்டு மூன்று நிறுவனங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்பதே சிறந்த வழி: "நான் 1,000 டாலர் தந்தால், எல்லாச் செலவும் போக ஊரில் எத்தனை ரூபாய் கையில் கிடைக்கும்?" பெறும் வங்கி ஏதேனும் பிடித்தம் செய்யுமா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

ஊருக்குச் செல்வோர் விமான நிலையத்தில் பெருந்தொகையை மாற்றுவதைத் தவிர்க்கலாம். கடைகளில் அட்டை இயந்திரம் ஆஸ்திரேலிய டாலரில் செலுத்தலாமா என்று கேட்டால், உள்ளூர் ரூபாயைத் தெரிவு செய்வதே பொதுவாக நன்மை தரும்.

விகிதம் நாளை உயருமா என்பதை எவராலும் உறுதியாகக் கணிக்க முடியாது. இன்று கிடைக்கும் விகிதங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டுமே அனுப்புபவரின் கையில் உள்ளது.