பள்ளியில் மீடியா படிக்கும் தம்பி கேமரா கேட்கிறானா? அதற்கு முன் கற்க வேண்டிய 5 அடிப்படைகள்

ஊரிலிருந்து போன். பிளஸ் ஒன்னில் மீடியா பாடம் எடுத்திருக்கும் தம்பி. "அண்ணா, குறும்படம் எடுக்கணும், ஒரு கேமரா வேணும்." நீங்கள் பெங்களூருவிலோ புனேவிலோ நொய்டாவிலோ இப்போதுதான் சம்பளம் வாங்கத் தொடங்கியிருக்கிறீர்கள். இஎம்ஐ போட்டு வாங்கிக் கொடுக்கலாமா? "மீடியா எடுத்து என்னடா பண்ணப் போற" என்று திட்டுவதா?

இரண்டும் வேண்டாம். கொஞ்சம் பொறுங்க. முதல் ஆண்டில் ஒரு மாணவர் கற்க வேண்டிய பெரும்பாலான விஷயங்களுக்கு வீட்டில் இருக்கும் போனே போதும். அவை என்னென்ன, ஒவ்வொன்றையும் எப்படிப் பழகுவது என்று பார்ப்போம். தம்பிக்கு மட்டுமல்ல, வார இறுதியில் படம் எடுத்துப் பார்க்கும் ஆசை உங்களுக்கு இருந்தாலும் இதே பாடம்தான்.

பள்ளியில் இது எந்தப் பாடம்?

சிபிஎஸ்இ 11, 12ஆம் வகுப்புகளில் 'மாஸ் மீடியா ஸ்டடீஸ்' என்ற திறன் பாடம் இருக்கிறது. பாடக் குறியீடு 835. எழுத்துத் தேர்வுக்கு 60 மதிப்பெண், செய்முறைக்கு 40. பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி, சினிமா, இணையம் எல்லாம் இதில் வரும். கேரளத்தில் 2018இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள் மூலம் அரசு, அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அனிமேஷன், கேமரா எல்லாம் கற்கிறார்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்படத் திரையிடல் நடக்கிறது.

ஆனால் புத்தகத்தில் 'லாங் ஷாட் என்றால் என்ன' என்று படித்து எழுதுவது ஒன்று, லாங் ஷாட் வைப்பது வேறொன்று. அந்த இடைவெளியை வீட்டில்தான் நிரப்ப வேண்டியிருக்கும்.

அடிப்படை 1: நேரம் என்பது ஒரு கணக்கு

இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் என்று கொண்டாடப்படும் 'ராஜா ஹரிச்சந்திரா' 1913இல் வெளியானது. அதற்கு முன், 1912இல், தாதாசாகேப் பால்கே ஒரு சின்னப் படம் எடுத்தார். நடிகர் இல்லை, கதை இல்லை. தொட்டியில் ஒரு பட்டாணி முளைத்து வளர்வதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படம்பிடித்தார். பெரிய படத்துக்குப் பணம் திரட்ட அந்தப் பட்டாணிதான் கை கொடுத்தது.

தம்பிக்கும் அதையே முதல் வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. மணிக்கு ஒரு போட்டோ வீதம் 10 நாள் எடுத்தால் 240 போட்டோ. 240ஐ 24ஆல் வகுத்தால் 10 விநாடி. ராத்திரியில் யார் எழுந்து எடுப்பது என்று கேட்பான். பகலில் மட்டும் 12 போட்டோ எடுத்தால் 10 நாளுக்கு 120, அதாவது 5 விநாடிதான் தேறும். எத்தனை நாள் உழைத்தால் எத்தனை விநாடி கிடைக்கும் என்பது அப்போதே உறைத்துவிடும்.

அடிப்படை 2: வெளிச்சம்

டியூப்லைட் எரியும் அறையில் போனில் வீடியோ எடுக்கும்போது திரையில் கருங்கோடுகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். போன் கெட்டுப்போகவில்லை. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் விளக்கு இரண்டு முறை மங்கி எரிவதால், விநாடிக்கு 100 முறை மினுக்குகிறது. கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரிகிறது.

ஷட்டர் வேகம் 1/50 என்றால் ஒவ்வொரு படத்துக்கும் சரியாக 2 மினுக்கல்கள் கிடைக்கும். எல்லாப் படத்திலும் ஒரே வெளிச்சம். 1/60 என்றால் 1.67 மினுக்கல்தான், கணக்கு உதைக்கும். அமெரிக்காவில் மின்சாரம் 60 சுற்று என்பதால் அங்கே 1/60 பொருந்துகிறது. அங்கிருந்து வரும் யூடியூப் டுடோரியலைப் பார்த்து அப்படியே எண்ணை வைத்தால் இங்கே கோடு விழலாம். விளக்கடியில் எடுக்கும்போது ஷட்டர் 1/50 அல்லது 1/100, ஃப்ரேம் ரேட் முடிந்தால் 25. போனிலேயே வரும் கேமராவில் ஷட்டரை மாற்ற முடியாவிட்டால், மாற்ற விடும் இலவசச் செயலிகள் கிடைக்கின்றன.

அடுத்தது, வெளிச்சத்தை மென்மையாக்குவது. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்காக காசி வீட்டு முற்றத்தை கொல்கத்தா ஸ்டுடியோவில் செட் போட்டார்கள். மேலே வானம் இல்லை. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா முற்றத்துக்கு மேல் வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதன் மீது அடித்து, திரும்பி வரும் ஒளியில் படம் எடுத்தார். வானத்திலிருந்து இறங்கும் பகல் வெளிச்சம் போலவே இருந்தது. வீட்டில் இதற்கு வெள்ளை வேட்டியோ தெர்மாகோல் அட்டையோ போதும். ஜன்னல் ஓரமாக ஒருவரை உட்கார வைத்து, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வேட்டியைப் பிடித்துப் பாருங்கள். முகத்தின் இருட்டுப் பாதி தெளியும்.

அடிப்படை 3: ஒலி

மாணவர் படங்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்வோம். வசனம் கேட்கவில்லை என்றால் தள்ளிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவோம்.

திறந்த வெளியில் மைக்குக்கும் பேசுபவருக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடுகிறது. 2 மீட்டரிலிருந்து 1 மீட்டர், அரை மீட்டர், கால் மீட்டர் என்று மூன்று முறை பாதியாக்கினால் 18 டெசிபல். சுற்றியுள்ள வண்டிச் சத்தம் அதே அளவில்தான் இருக்கும், குரல் மட்டும் மேலெழும். எந்த விலையுயர்ந்த கேமராவும் இந்த வித்தியாசத்தைத் தராது.

செய்முறை எளிது. ஒரு போனில் வீடியோ. இன்னொரு போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் செய்து, பேசுபவரின் சட்டைப் பையில் வையுங்கள். தொடங்கும்போது கேமரா முன் ஒரு முறை கை தட்டுங்கள். எடிட்டிங்கில் கை சேரும் படத்தையும் 'டப்' சத்தத்தையும் ஒன்றாக வைத்தால் இரண்டும் பொருந்திவிடும். கிளாப் போர்டு செய்யும் வேலையும் இதுதான். கிளம்பும் முன், யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை 30 விநாடி தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டிய இடங்களில் ஒட்டுப்போட உதவும்.

அடிப்படை 4: ஷாட்டும் வெட்டும்

தூரத்திலிருந்து இடத்தைக் காட்டுவது லாங் ஷாட், இடுப்புக்கு மேல் காட்டினால் மிட் ஷாட், முகம் மட்டும் என்றால் குளோசப். பெயர்கள் ஒரு மணி நேரத்தில் மனப்பாடமாகும். எதற்குப் பின் எது என்பதுதான் பாடம்.

1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை சூப் கிண்ணம், சவப்பெட்டி, ஒரு பெண் ஆகிய காட்சிகளோடு மாற்றி மாற்றி ஒட்டினார். பார்ப்பவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்கள் என்கிறது சினிமா வரலாறு. தம்பி இதை அம்மாவின் முகத்தை வைத்துச் செய்து பார்க்கலாம்: அம்மா, பிறகு காலி சிலிண்டர். அம்மா, பிறகு பழைய கல்யாண ஆல்பம். நடிக்கவே வேண்டாம், சும்மா பார்த்தால் போதும்.

இன்னொரு விதி, 180 டிகிரி கோடு. டீக்கடை பெஞ்சில் இருவர் எதிரெதிரே பேசுகிறார்கள் என்றால், அவர்களுக்கிடையே ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கேமரா எப்போதும் கோட்டின் ஒரே பக்கம். தாண்டினால் அடுத்த ஷாட்டில் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பது போலத் தெரிந்து, பார்ப்பவர் குழம்புவார். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்போ, ஷாட்கட் போன்ற இலவச மென்பொருளோ போதும்.

அடிப்படை 5: திட்டமும் அனுமதியும்

3 நிமிடப் படத்தை எடுத்துக்கொள்வோம். திரைக்கதை ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 1 நிமிடம் என்பது வழக்கம், ஆக 3 பக்கம். ஒரு ஷாட் சராசரியாக 6 விநாடி என்றால் 30 ஷாட். எடுத்ததில் பத்தில் ஒரு பங்குதான் படத்தில் நிற்கும் என்று வைத்தால் 30 நிமிட ஃபுட்டேஜ். போன் விநாடிக்கு 16 மெகாபிட் பதிவு செய்தால் நிமிடத்துக்கு 120 எம்பி, 30 நிமிடத்துக்கு 3.6 ஜிபி. படப்பிடிப்பு நடுவே 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வந்து நிற்காமல் இருக்க, இந்தக் கணக்கை முந்தைய நாளே போட வேண்டும்.

அனுமதியும் திட்டத்தில் சேர்த்தி. 18 வயதுக்குக் குறைந்தவர் நடித்தால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ரயில் நிலையம், மெட்ரோ போன்ற இடங்களில் முன் அனுமதி தேவை. சினிமாப் பாட்டு பற்றியும் ஒரு வார்த்தை. மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டும் பார்க்கும் பள்ளி நிகழ்ச்சிக்குப் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது. அதே பாட்டோடு யூடியூபில் ஏற்றினால் அந்த விலக்கு உதவாது. யூடியூபின் இலவச ஆடியோ நூலகத்தைப் பயன்படுத்துங்கள், அல்லது தெருவில் கேட்கும் சத்தங்களையே பதிவு செய்யுங்கள்.

சரி, பிளஸ் டூவுக்குப் பிறகு?

1960இல் புனேயின் பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் தொடங்கிய எஃப்டிஐஐ, கொல்கத்தாவில் 1995 முதல் இயங்கும் சத்யஜித் ராய் நிறுவனம் ஆகியவற்றின் முதுநிலைப் படிப்புகளுக்குப் பட்டப்படிப்பு வேண்டும். ஆகவே பிளஸ் டூ முடித்ததும் அங்கே ஓட முடியாது. சென்னை எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் பிளஸ் டூ முடித்தவர்கள் இளநிலைப் பட்டம் படிக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். பிரிவுக்குப் பிரிவு தகுதி மாறும். ஒலிப்பதிவுப் பிரிவுக்கு பிளஸ் டூவில் இயற்பியல் கேட்கும் வழக்கம் இருந்திருக்கிறது. மீடியாவுக்காக இயற்பியலை விடும் முன், அந்தந்த நிறுவனத்தின் அறிவிக்கையைத் தம்பியோடு உட்கார்ந்து படித்துவிடுங்கள். கேமராவை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். விட்ட பாடத்தைத் திரும்ப எடுப்பது அவ்வளவு சுலபமில்லை.

அப்போ கேமரா எப்போது?

ஒரு நிபந்தனை போடுங்கள். பட்டாணி முளைக்கும் படம் ஒன்று, அம்மா முகம் வைத்த வெட்டுப் பயிற்சி ஒன்று, வசனம் தெளிவாகக் கேட்கும் 3 நிமிடப் படம் ஒன்று. மூன்றையும் முடித்த பிறகு, "இந்தப் போனில் என்னால் எதைச் செய்ய முடியவில்லை" என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். முதல் வரியில் 'மைக்' என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அதற்கு இஎம்ஐ தேவைப்படாது.

பட்டியலைக் காத்திருந்து வாங்குவதில் சங்கடம் வேண்டாம். 'பதேர் பாஞ்சாலி' (1955) எடுக்கத் தொடங்கியபோது ராய் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், தொடக்கத்தில் விடுமுறை நாட்களில்தான் படப்பிடிப்பு. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த சுப்ரத மித்ரா அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தம்பிக்காக ஒதுக்குங்கள். வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க அவனுக்கு ஓர் ஆள் தேவைப்படும்.