தண்ணீர் குடிக்க அனுமதி: நெய்யாற்றின்கரை வயல்களில் நேரமும் கூலியும்

பணியிடத்தில் எந்த இனத்தார் எவ்வளவு நேரம் வேலையின்றி இருந்தனர் என்று அளந்து, அதனோடு ஊதிய வேறுபாட்டைப் பொருத்திப் பார்க்கும் ஆய்வுகள் அமெரிக்காவில் நிகழ்கின்றன. அவற்றை வாசிக்கும்போதெல்லாம் என் நினைவு பழைய திருவிதாங்கூரின் நெய்யாற்றின்கரை வட்டத்துக்கே செல்கிறது. ஓய்வு என்று சொல்லவே உரிமையற்றிருந்தவரின் ஓய்வை எவ்வாறு அளப்பது?

மிஷனரி சாமுவேல் மேட்டீர் 1871இல் வெளியிட்ட நூலில் புலையரின் பேச்சுவழக்கைப் பதிவு செய்துள்ளார். ஆண்டையின்முன் ‘நான்’ என்னலாகாது. ‘அடியன்’ எனல் வேண்டும். தம் சோற்றைச் சோறென்று குறிப்பிடலாகாது, அது ‘கரிக்காடி’. உண்ணப் போவதற்கும் ‘தண்ணீர் குடிக்க’ என்றே அனுமதி கேட்க வேண்டும். மொழியியலில் இதனைப் பணிவுவழக்கு என வகைப்படுத்திக் கடந்துவிடுகிறோம் (முதுகலையில் நானும் அப்படித்தான் கடந்தேன்). உண்மையில் இது ஒரு நேரக் கணக்கு. உணவு இடைவேளைக்கு அதற்குரிய பெயரே இல்லையெனில், அதனை உரிமையாகக் கோருவது எங்ஙனம்?

1855இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் ‘வல்லி’ எனப்பட்ட நெற்கூலி தொடர்ந்தது. பொதுவழிகளில் தடையும் தொடர்ந்தது. வயலுக்குச் சுற்றிச் சென்ற நடைக்கு எவரும் கூலி அளந்ததில்லை.

இவ்வட்டத்து வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். அக்காலத்தை ஒட்டி நிகழ்ந்த வேளாண் வேலைநிறுத்தத்தின் முதன்மைக் கோரிக்கை, பிள்ளைகளுக்குப் பள்ளி அனுமதி. வயல்கள் தரிசாயின. பட்டினியுற்றோரை விழிஞ்ஞத்து மீனவர் தம் படகுகளில் தொழில்துணையாக ஏற்றுக்கொண்டனர்; போராட்டம் நிலைத்ததற்கு இதுவே பெருங்காரணம் என்பேன். இறுதியில் கண்டளை நாகம் பிள்ளையின் சமரசத்தால் கூலி உயர்வும் பள்ளி அனுமதியும் ஏற்கப்பட்டன.

ஆண்டைகளின் பள்ளி எதிர்ப்பைத் தீட்டு அச்சமாக மட்டும் விளக்குவது போதாது. பள்ளிக்குச் செல்லும் சிறுவன் மாடு மேய்க்கும் பகற்பொழுதையும் உடன் கொண்டு செல்கிறான். கூலிக் கோரிக்கையும் கல்விக் கோரிக்கையும் ஒரே போராட்டத்தில் இணைந்ததன் காரணம் இதுவென்றே கருதுகிறேன்.

1956க்குப் பின் பாறசாலை கேரளத்திலும் களியக்காவிளை தமிழ்நாட்டிலும் அமைந்தமையால், இவ்வரலாற்றை அயலாருடையதாக எண்ணிவிடுகிறோம். அய்யன்காளி பஞ்சமி என்னும் சிறுமியைச் சேர்க்க அழைத்துச் சென்ற ஊரூட்டம்பலம் பள்ளி தீக்கிரையாக்கப்பட்டது. எரிந்ததில் எஞ்சிய பெஞ்சு ஒன்று அங்கே இன்றும் பாதுகாக்கப்படுகிறது.