நீதிநூலின் மூன்றாவது ஊற்று

மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். 1859இல் வெளிவந்த அவருடைய நீதிநூலுக்குச் சிறப்புப்பாயிரம் தந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோ சைவத்தில் ஊறியவர். கிறிஸ்தவர் எழுதிய அறநூலைச் சைவப் பெரும்புலவர் மனமுவந்து வாழ்த்தினார் என்றால், அதிலுள்ள அறங்கள் எந்தச் சமயத்தின் கணக்கில் சேரும்? விடை தேடித் திருச்சியில் பழைய பதிப்புகளைப் புரட்டத் தொடங்கினேன்.

நூலின் அதிகாரத் தலைப்புகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். ஒரு பக்கம் விவிலியத்தின் பத்துக் கட்டளைகள், மறுபக்கம் திருக்குறள் அதிகாரங்கள். களவும் கொலையும் இரண்டிலும் கடியப்படுகின்றன. சூதுக்குக் குறளில் தனி அதிகாரம் உண்டு. கட்டளைகளில் அது இல்லை. 'தாய் தந்தையரை வணங்கல்' இதற்கு நேர்மாறு. கட்டளைகளில் இருக்கிறது, குறளின் 133 அதிகாரங்களில் அதற்கென்று ஒன்று இல்லை. ஆனாலும் அதை விவிலியத்துக்கு மட்டும் எழுதிக்கொடுத்துவிட முடியாது. ஔவையின் கொன்றைவேந்தன் தொடங்குவதே அங்கேதான். இப்படி ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டு வந்தபோது ஒரு தலைப்பு மட்டும் எந்தப் பக்கத்திலும் உட்கார மறுத்தது: 'கைக்கூலி'. லஞ்சத்துக்கென்றே ஓர் அதிகாரம்!

அதன் ஊற்றைத் தேடி, நூல்களை மூடிவிட்டு வேதநாயகம் பிள்ளையின் உத்தியோக வரலாற்றுக்குப் போனேன். 1826இல் குளத்தூரில் பிறந்தவர். 1848இல் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளர், 1850இல் மொழிபெயர்ப்பாளர், 1857இல் தரங்கம்பாடி முன்சீப். நீதிநூல் வெளிவருவதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அவர் கையில் அன்றாடம் புழங்கியவை வழக்குக் கட்டுகள்.

அந்தக் காலக் கோர்ட்டில் சாட்சிகள் எப்படிச் சத்தியம் செய்தார்கள் என்று தேடியபோது 1840ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் கிடைத்தது. கங்கை நீரின் மேலோ குர்ஆன் மேலோ சத்தியம் செய்யும்படி இந்துக்களையும் முஸ்லிம்களையும் வற்புறுத்துவது அவர்கள் மனசாட்சியைப் புண்படுத்துகிறது என்கிறது அதன் முகவுரை. அதற்குப் பதிலாக, எல்லாம் வல்ல கடவுளின் முன்னிலையில் உண்மை சொல்வதாக இரு சாராருக்கும் ஒரே உறுதிமொழி. சிவன், பெருமாள், அல்லாஹ் என்று எந்தப் பெயரும் அதில் இல்லை. நீதிநூலின் முதல் அதிகாரம் 'தெய்வமுண்டெனல்'. இரண்டையும் இணைத்துப் பார்ப்பது என் அனுமானம்தான்; வலுவான அனுமானம் என்று நம்புகிறேன். எந்தச் சமயத்தவன் பொய்ச்சாட்சி சொன்னாலும் பாதிக்கப்படுபவனுக்கு நேரும் இழப்பு ஒன்றே என்பதை ஆவண அறையில் வேலை பார்த்தவரைவிட யார் நன்கு அறிந்திருக்க முடியும்?

இன்னொரு தடயம் காவிரியின் அக்கரையில், ஸ்ரீரங்கம் தீவில் உள்ள திருவானைக்காவில் இருந்தது. அங்குள்ள அகிலாண்டநாயகிமேல் பிள்ளைத்தமிழ் பாடிய மீனாட்சிசுந்தரம் பிள்ளைதான், வேதநாயகம் பிள்ளையைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்தூர்க் கோவையும் பாடினார். நாகூர் குலாம் காதிறு நாவலரும் புதுவைச் சவராயலு நாயகரும் உ.வே.சாமிநாதையரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட வெவ்வேறு சமயத்தவர்கள். அத்தகைய ஆசானின் நண்பர், அறத்துக்குச் சமய வேலி போடாததில் வியப்பில்லை.

வேதநாயகம் பிள்ளையின் சமரசத்தை 1878இல் வந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளிலிருந்து தொடங்குவது வழக்கமாக இருக்கிறது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, திருச்சிக் கோர்ட்டில் அது வேர்விட்டுவிட்டது என்பேன். 1862இல் அவர் சித்தாந்த சங்கிரகத்தை வெளியிட்டார். 1805 முதல் 1861 வரையிலான ஆங்கிலத் தீர்ப்புகளின் சாரம் அது, தமிழில். எந்தச் சமயத்தவன் வழக்காட வந்தாலும் தனக்குரிய நியாயம் என்ன என்பதை இனித் தன் மொழியிலேயே படித்துக்கொள்ளலாம்.