இருமுறை மாறும் முகவரி

மன்னார்த் தீவின் மேற்கு முனையிலே தலைமன்னார்த் துறை இருக்கின்றது. 1914ஆம் ஆண்டிலே பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், கொழும்பிலிருந்து சென்னைக்குச் சென்ற பயணி இத்துறையில் புகைவண்டியை விட்டுக் கப்பலேறினான். தனுஷ்கோடியிற் கப்பலை விட்டு மீண்டும் புகைவண்டி ஏறினான். இலங்கைப் பக்கம் அகலப் பாதை, தனுஷ்கோடிப் பக்கம் மீட்டர்ப் பாதை, இடையிலே கடல். ஆகவே அவ்விரு மாற்றங்களும் தவிர்க்க முடியாதனவாயின. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அவ்வழி முடிவுற்றது.

இன்று மன்னார்க் கரையிலிருந்து கடல் கடப்பது செய்தி. அதற்கும் இருமுறை மாற்றம் நேர்வதுண்டு. அதன் காரணம் முகவரிப் பஞ்சமே. 1981இல் வகுக்கப்பட்ட இணைய விதியின்படி கிடைக்கும் முகவரிகள் ஏறக்குறைய 430 கோடி. அவை போதா என்பது பத்தாண்டுகளிலேயே புலனாயிற்று. 1994இல் எகவாங், பிரான்சிஸ் என்னும் இருவர் ஓர் உபாயத்தை எழுதி வெளியிட்டனர். வீட்டுக் கருவிகள் யாவும் தமக்குள் தனி முகவரிகளை வைத்துக்கொள்ளும். வாசலில் நிற்கும் ரூட்டர், வெளியே செல்லும் செய்தியில் தன் பொது முகவரியை இட்டு, அதனைப் பதிவேட்டிற் குறித்துக்கொள்ளும். மறுமொழி வந்ததும் பதிவேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும்.

இவ்வேற்பாட்டில் ஒரு குறையுண்டு. கேளாமல் வரும் செய்திக்குப் பதிவேட்டில் இடமில்லை. அது வாசலிலே நின்றுவிடும். இன்ன கருவிக்கு அனுப்புக என்று ரூட்டருக்கு முன்கூட்டியே கட்டளையிட்டால் அக்குறை தீரும். ஆனால் நிறுவனம் தந்த ரூட்டருக்குப் பின்னே, தூர அறைக்கென இன்னொன்றை வாங்கி இணைத்தால் வாசல் இரண்டாகிறது. உள்வாசலில் இட்ட கட்டளையை வெளிவாசல் அறியாது. செய்தி வாசிப்பதற்குத் தடையிராது. கடல் கடந்து வாழும் மகன் தாய் வீட்டுக் கமராவை நேரே காண முயன்றாலோ வழி அடைபட்டிருக்கும்.

நோயை அறிவது எளிது. இரண்டாம் ரூட்டரின் வெளி முகவரி 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் இரட்டை மாற்றம் நிகழ்கிறது எனலாம். மருந்தும் எளிது. இரண்டாவதை 'அக்செஸ் பொயின்ற்' நிலைக்கு மாற்றினால் அது முகவரியை மாற்றாது, அலையை மட்டும் பரப்பும். அன்றி, முதலாவதைப் 'பிரிட்ஜ்' நிலையில் வைக்கலாம். இரண்டில் ஒன்றே போதும்.

வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையான எல்லையுள் இருப்பின், மாற்றம் நிறுவனத்திலேயே நிகழ்கிறது. 2011இல் பொது முகவரிகளின் மையச் சேமிப்புத் தீர்ந்தபின், 2012இல் அதற்கென ஒதுக்கப்பட்ட எண்கள் அவை. அப்பொழுது வீட்டிற் செய்வது பயன்தராது. பொது முகவரியையோ ஆறாம் பதிப்பு முகவரியையோ நிறுவனத்திடம் கேட்டுப் பெறுவதே வழி.

கடல் விதித்த இரு மாற்றங்களை அக்காலப் பயணி பொறுத்துக்கொண்டான். வீட்டுக்குள்ளே தாமாக விதித்துக்கொண்ட இரண்டாம் மாற்றத்தை எவரும் பொறுக்க வேண்டுவதில்லை.