கருவை ஏற்கும் எதிர்ப்பாற்றல்

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர், தானம் தந்தவர் உடன்பிறந்தவரே ஆனாலும், பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உட்கொண்டாக வேண்டும். மரபணுக்களில் பாதியைத் தந்தையிடமிருந்து பெற்ற கருவையோ, அத்தகைய மருந்து எதுவுமின்றித் தாய் சுமந்து பெற்றெடுக்கிறாள். கொடையாகப் பெற்ற கருமுட்டையால் உண்டாகும் கர்ப்பத்தில் குழந்தை முழுவதுமே தாய்க்கு அயல்; அதையும் அவள் உடல் தாங்குகிறது. இது எப்படி இயல்கிறது?

இந்தக் கேள்வியை அறிவியல் முறைப்படி எழுப்பியவர் பீட்டர் மெடவார். திசு ஒட்டு நிராகரிப்பை ஆராய்ந்து, பின்னர் 1960இல் நோபல் பரிசு பெற்ற அவர், 1953இல் மூன்று விடைகளை முன்வைத்தார். தாயும் கருவும் உடலமைப்பால் பிரிந்திருக்கலாம். கருவின் அயல் அடையாளங்கள் இன்னும் முதிராமல் இருக்கலாம். தாயின் எதிர்ப்பாற்றல் அக்காலத்தில் மந்தமாக இருக்கலாம். ஆர்எச் நெகட்டிவ் தாய்மாருக்கு நேர்வதை எண்ணிப் பார்த்தாலே மூன்றும் முழு விடையாகா என்பது விளங்கும். ஆர்எச் பாசிட்டிவ் குழந்தையின் ரத்தச் சிவப்பணுக்கள், குறிப்பாகப் பிரசவ வேளையில், தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. அவற்றைத் தாயுடல் அயலென அறிகிறது. அறிந்து எதிர்ப்பொருளையும் உண்டாக்குகிறது. ஆகவே தடுப்புச் சுவர் முழுமையானதன்று, குழந்தையின் அடையாளம் மறைந்திருக்கவில்லை, தாயின் எதிர்ப்பாற்றலும் உறங்கவில்லை. விழித்திருக்கும் அந்த ஆற்றல் கருவைத் தாக்காமல் காப்பது எது என்பதே மிஞ்சும் கேள்வி.

விடையின் முதற்பகுதி ஜப்பானிலிருந்து வந்தது. 1995இல் ஷிமோன் சகாகுச்சி, சிடி25 என்ற புரதத்தைத் தாங்கிய டி செல்கள் எனும் வெள்ளணுக்கள் சுண்டெலிகளில் இல்லாமற்போனால் எதிர்ப்பாற்றல் சொந்த உறுப்புகளையே தாக்குவதைக் காட்டினார். 2001இல் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோரின் ஆய்வு ஃபாக்ஸ்பி3 மரபணுவை வெளிக்கொணர்ந்தது. அம்மரபணு பழுதுபட்டால் பச்சிளங்குழந்தைகளுக்குக் கடுமையான தன்னுடல் தாக்குநோய் வரும். சகாகுச்சி கண்ட அந்தச் செல்களை ஆள்வதும் அதே மரபணுதான் என்பது 2003இல் தெளிவாயிற்று. ஒழுங்குமுறை டி செல்கள் என்று இன்று அறியப்படும் அவற்றைப் பற்றிய இக்கண்டுபிடிப்புகளுக்காக மூவரும் 2025இல் நோபல் பரிசு பெற்றனர். தாக்கும் செல்கள் பெருகத் தேவையான இன்டர்லியூக்கின் 2 புரதத்தை இவை தாமே உறிஞ்சிக்கொள்கின்றன. அழற்சியைத் தணிக்கும் இன்டர்லியூக்கின் 10 முதலியவற்றைச் சுரக்கின்றன.

கர்ப்பத்தில் இவற்றின் பங்கு 2004இல் வெளிப்பட்டது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஒழுங்குமுறை டி செல்கள் இல்லாத சுண்டெலிகளைச் சினையாக்கினர். தந்தையும் தாயும் ஒரே மரபினத்தைச் சேர்ந்திருந்தபோது கருக்கள் பிழைத்தன. தந்தை வேற்றினமாக இருந்தபோது அழிந்தன. கருவின் தந்தைவழிக் கூற்றைத் தாய் ஏற்பதற்கு இச்செல்கள் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பெண்களிலும் கர்ப்ப காலத்தில் இவை பெருகிக் கருப்பையின் உட்சவ்வில் திரள்கின்றன.

இந்த ஏற்பு பரிணாமத்திலேயே வேரூன்றியது. தைமஸ் சுரப்பியில் பிறக்கும் ஒழுங்குமுறை செல்களோடு, உடலின் பிற இடங்களில் சாதாரண டி செல்களிலிருந்து புதிதாக உருவாகுபவையும் உண்டு. இவ்வாறு உருவாக உதவும் ஃபாக்ஸ்பி3 மரபணுவின் ஒரு பகுதி, நஞ்சுக்கொடியுள்ள பாலூட்டிகளில் பேணப்பட்டிருப்பதை அலெக்சாண்டர் ருடென்ஸ்கியின் ஆய்வுக்கூடம் 2012இல் கண்டது. அப்பகுதியை நீக்கிய எலிகளில் வேற்றினக் கருக்கள் கூடுதலாக அழிந்தன. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொணரும் சுருள் தமனிகளும் சரிவர விரியவில்லை.

அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வு, இச்செல்களுக்கு நினைவும் உண்டு என்றது. சுண்டெலி ஈன்ற பின்னும் கருவின் அடையாளத்தை அறிந்த ஒழுங்குமுறை செல்கள் தாயுடலில் தங்கின. அடுத்த சினையில் விரைந்து பெருகின. பிரீஎக்லாம்ப்சியா எனப்படும் கர்ப்பகால உயர் ரத்த அழுத்த நோய் முதற்பேற்றில் மிகுந்தும் அடுத்தவற்றில் குறைந்தும் காணப்படுவதற்கு இந்நினைவு ஒரு காரணமாகலாம். கொடைக் கருமுட்டைக் கர்ப்பங்களில் இந்நோய் கூடுதலாக வருவதும் இதே திசையைக் காட்டுகிறது.

பிரீஎக்லாம்ப்சியா கண்ட பெண்களிலும், குரோமோசோம் குறையில்லாத கரு கலைந்தவர்களிலும் இச்செல்கள் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ஜப்பானின் ஷிகெரு சைட்டோ குழுவின் பணி இதில் முன்னோடி. எனினும் நோய் தோன்றிய பின் கண்ட குறைவு காரணமா விளைவா என்று உறுதிபடச் சொல்ல முடியாது. தொடக்க மாதக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழப் பாதி, கருவின் குரோமோசோம் பிழையால் நேர்பவை. அவற்றுக்கு எதிர்ப்பாற்றல் பொறுப்பன்று.

ஒழுங்குமுறை செல்கள் எவ்வளவு கூடினாலும் நன்று என்று எண்ணுவதும் தவறு. கரு பதியும்போதும் பிரசவ வலி தொடங்கும்போதும் அளவான அழற்சி தேவைப்படுகிறது. சினையுற்ற எலிகளில் இச்செல்களின் பெருக்கம் லிஸ்டீரியா போன்ற கிருமிக்கு இடங்கொடுப்பதும் காணப்பட்டுள்ளது. நல்ல சங்கீதக் கச்சேரியில் மிருதங்கம் அடங்கவும் ஓங்கவும் காலம் அறிவதுபோல, தாயின் எதிர்ப்பாற்றலும் காலம் அறிந்து நடக்கிறது.

இந்த நுட்பத்தை மதிக்காமல் அவசரப்பட்டால் தீங்கு நேரும். தொடர் கருச்சிதைவுக்குக் கணவரின் வெள்ளணுக்களை மனைவிக்கு ஏற்றும் முறை பல்லாண்டு நடந்தது. 1999இல் வெளியான முறையான ஒப்பீட்டு ஆய்வு அதனால் பயனில்லை என்று காட்டியது. நெஞ்சுடைந்து வரும் தம்பதியரிடம் நிறுவப்படாத எதிர்ப்பாற்றல் சிகிச்சைகளை விற்பது இன்றும் நின்றபாடில்லை; மருத்துவ உலகம் இதைப் பொறுத்துக்கொள்ளலாகாது.

நிறுவப்பட்டது எது என்றால், எளியதே. நஞ்சுக்கொடியின் அடித்தளம் கர்ப்பத்தின் முற்பாதியில் அமைந்துவிடுகிறது. பிரீஎக்லாம்ப்சியா வெளிப்படுவதோ 20 வாரத்துக்குப் பின். ஆகையால் முதல் மூன்று மாதங்களிலேயே ஆபத்துள்ளவர்களைக் கண்டறிய வேண்டும். இவர்களுக்கு 16 வாரத்துக்குமுன் மருத்துவர் மேற்பார்வையில் தொடங்கும் குறைந்த அளவு ஆஸ்பிரின், 37 வாரத்துக்குமுன் பிரசவம் தேவைப்படும் பிரீஎக்லாம்ப்சியா வகையைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கும் என்று 2017இல் வெளியான பெரும் ஆய்வு நிறுவியது. ஒழுங்குமுறை செல்களைக் கொண்டே சிகிச்சை செய்யும் நாள் வரலாம். அதுவரை தவறாது எடுக்கும் ரத்த அழுத்த அளவீடும் சிறுநீர்ச் சோதனையும் உயிர் காக்கும்.

கரு கலைந்தால் படியேறினாள், பாரம் தூக்கினாள், பப்பாளி தின்றாள் என்று பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வழக்கம் நம்மிடம் உள்ளது. கரு நிலைப்பது அவள் விருப்பமோ கவனமோ ஆளும் செயலன்று. அவளும் அறியாமல், கோடிக்கணக்கான ஆண்டுப் பரிணாமத்தில் செதுக்கப்பட்ட செல்கள் நாள்தோறும் செய்யும் உழைப்பு. அந்த உழைப்பு எங்கோ தடைபட்டபோது அவளுக்கு நாம் தரவேண்டியது பழியன்று. நேரத்தோடு செய்யும் பரிசோதனையும், உண்மையைச் சொல்லும் மருத்துவமும், உடனிருக்கும் குடும்பமும்தான்.